படம் இருக்கிறது, திருத்தம் எங்கே? லைட்ரூம், போட்டோஷொப், டார்க்டேபிள் நடுவே கோப்புகள் குழம்பினால் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் ஒரு கலியாணப் படம் அல்பத்தில் ஏறுவதற்குள் பல கை மாறிவிடும். இரண்டு கமராக்காரர் எடுத்த ரோ கோப்புகளை (கமரா பதப்படுத்தாமல் பதியும் மூலக் கோப்புகள்) ஸ்டூடியோவில் ஒருவர் லைட்ரூம் கிளாசிக்கில் தெரிந்தெடுத்து நிறம் சரிசெய்வார். அல்பம் வடிவமைப்பவர் உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ வீட்டில் இருந்து போட்டோஷொப்பில் திறப்பார். மாதச் சந்தா கட்டாமல் டார்க்டேபிளில் வேலை செய்பவர் இன்னொருவர் இருப்பார். இவர்களுக்கு நடுவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போய் வந்துகொண்டிருக்கும். ஏதாவது பிசகினால் "படம் அழிஞ்சு போச்சு" என்பதுதான் முதல் பேச்சு. ஆனால் படம் உண்மையாக அழிவது அரிது. படமும் அதற்குச் செய்த திருத்தமும் பிரிந்துபோவதே பெரும்பாலும் நடப்பது.

எந்த மென்பொருள் திருத்தத்தை எங்கே வைக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். லைட்ரூம் கிளாசிக் எல்லாத் திருத்தங்களையும், படம் எந்த ட்ரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியையும் கட்டலொக் என்ற கோப்பில் எழுதுகிறது. படங்கள் அந்தக் கட்டலொக்குக்குள் இல்லை. அடோபியின் பிரிட்ஜும் (படங்களைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) கமரா ரோவும் (போட்டோஷொப்பில் ரோவைத் திறந்து திருத்தும் பகுதி) ரோ கோப்பின் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக்கோப்பை வைக்கின்றன. டார்க்டேபிள் தன் தரவுத்தளத்திலும் எழுதும், தனக்கென ஓர் எக்ஸ்எம்பியும் வைக்கும். ரோதெரப்பி பிபி3 என்று முடியும் கோப்பை வைக்கும். கப்ச்சர் வன் கட்டலொக்கிலோ, செஷன் முறையில் வேலை செய்தால் படங்களோடு இருக்கும் அதன் பெயர்கொண்ட உள்ஃபோல்டரிலோ வைக்கும். போட்டோஷொப் திருத்தத்தைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதுகிறது.

கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. காணாமல் போனதாகக் காட்டும் படங்களைக் கட்டலொக்கில் இருந்து "ரிமூவ்" செய்துவிட்டு மறுபடி இம்போர்ட் பண்ணாதீர்கள். ரிமூவ் கொடுத்த அந்த நொடியில்தான் திருத்தம் உண்மையாகப் போகிறது. அதற்கு முன்புவரை எல்லாம் மீட்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது.

அறிகுறி: லைட்ரூமில் படம் தெரிகிறது, மூலையில் ஆச்சரியக்குறி, திருத்தப் போனால் கோப்பு இல்லை என்கிறது

நீங்கள் பார்ப்பது லைட்ரூம் சேமித்து வைத்த முன்தோற்றம். உண்மைக் கோப்பு, கட்டலொக் நினைத்திருக்கும் இடத்தில் இல்லை. இடப்பக்கப் பட்டியலில் அந்த ஃபோல்டருக்கும் கேள்விக்குறி விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃபோல்டர்கள் எல்லாவற்றுக்குமே கேள்விக்குறி என்றால் ட்ரைவ் எழுத்து மாறியிருக்கிறது. நேற்று ஈ ட்ரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், ஒரு பென்ட்ரைவ் முதலில் செருகப்பட்டதால் இன்று எஃப் ட்ரைவ் ஆகிவிட்டது. லைட்ரூமில் எதையும் தொடாதீர்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, அந்த டிஸ்க்கின் மேல் வலச்சொடுக்கி, "சேஞ்ச் ட்ரைவ் லெட்டர் அன்ட் பாத்ஸ்" மூலம் பழைய எழுத்தைத் திருப்பிக் கொடுங்கள். லைட்ரூமை மூடித் திறந்தால் கேள்விக்குறிகள் எல்லாம் ஒரேயடியாக மறையும். விண்டோஸ் புதிய டிஸ்க்குகளுக்கு எழுத்து வரிசையின் முன்பக்கத்தில் இருந்து கொடுத்து வருவதால், படங்கள் உள்ள டிஸ்க்குக்கு பீ (P), எக்ஸ் (X) போன்று தள்ளி இருக்கும் ஓர் எழுத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. டிஸ்க் போகும் எல்லாக் கணினியிலும் அதே எழுத்து இருக்கட்டும்.

ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கேள்விக்குறி என்றால் யாரோ அதை விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இடம் மாற்றியிருக்கிறார்கள், அல்லது "கலியாணம்" என்று இருந்ததை "2025-06-08_உவர்மலை_திருமணம்" என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் நல்ல பெயர்தான், மாற்றிய இடம்தான் பிழை. அந்த ஃபோல்டரில் வலச்சொடுக்கி "ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்" கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டுங்கள். உள்ளே உள்ள எல்லாப் படங்களும் சேர்ந்து இணைந்துவிடும்.

ஃபோல்டர் சரியாக இருந்து, படங்களில் மட்டும் ஆச்சரியக்குறி என்றால் ஒரு படத்தின் குறியைச் சொடுக்கி "லொக்கேட்" கொடுங்கள். வரும் பெட்டியின் கீழே "ஃபைண்ட் நியர்பை மிஸ்ஸிங் ஃபோட்டோஸ்" தெரிவாகியிருக்க வேண்டும். கோப்புப் பெயர் மாறாமல் இடம் மட்டும் மாறியிருந்தால் மற்றவற்றையும் லைட்ரூமே தேடிக்கொள்ளும்.

மோசமானது, கோப்புகளின் பெயரையே வெளியில் மொத்தமாக மாற்றியிருப்பது. பெயரை வைத்துத்தான் லைட்ரூம் பொருத்துகிறது. 800 படங்களை ஒவ்வொன்றாக லொக்கேட் பண்ணுவது நடக்கிற காரியமல்ல. பெயர் மாற்றிய ஒழுங்கைக் கண்டுபிடித்து, அதே கருவியால் பழைய பெயருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். எல்லாம் இணைந்தபின் லைட்ரூமின் லைப்ரரியில் எஃப்2 விசையை அழுத்தி, அங்கிருந்து புதிய பெயர் கொடுங்கள். பெயர் மாற்றுவதும் இடம் மாற்றுவதும் ஒரே ஒரு மென்பொருளின் வேலையாக இருக்கட்டும். லைட்ரூம் உள்ள இடத்தில் அது லைட்ரூம்தான்.

அறிகுறி: ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் மற்றதில் தெரியவில்லை

எது எங்கே போகும் என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொற்கள், தலைப்பு, விளக்கம் ஆகியவை எல்லோருக்கும் பொதுவான வடிவில் எழுதப்படுவதால் மென்பொருள் தாண்டிப் போகும். ஒளிர்வு, நிழல், நிறம் என்று ஸ்லைடர்களால் செய்தவை அந்த மென்பொருளின் கணக்குக்கு மட்டுமே புரியும். லைட்ரூமுக்கும் கமரா ரோவுக்கும் கணக்கு ஒன்று என்பதால் அவற்றுக்கிடையே முழுதாகப் போகும். டார்க்டேபிளுக்கோ கப்ச்சர் வன்னுக்கோ போனால் கிரொப் போன்ற சில அடிப்படைகளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தோற்றம் அப்படியே போக வேண்டுமென்றால் 16 பிட் டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுப்பதே வழி.

லைட்ரூமில் இருந்து பிரிட்ஜுக்கே போகவில்லை என்றால், திருத்தம் இன்னும் கட்டலொக்கை விட்டு வெளியே வரவில்லை. லைப்ரரியில் கட்டமாகப் படங்கள் தெரியும் நிலையில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து கன்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள். ரோ கோப்புக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி உருவாகும். ஜேபெக், டிஃப், பிஎஸ்டி (போட்டோஷொப்பின் கோப்பு), டிஎன்ஜி (அடோபியின் ரோ வடிவம்) என்றால் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். கட்டலொக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்) பக்கத்தில் தானாக எக்ஸ்எம்பிக்கு எழுதும் தெரிவு இருக்கிறது. கை மாறும் வேலைகளுக்கு அதைப் போட்டே வையுங்கள். கட்டலொக் ஒருநாள் கெட்டாலும் அடிப்படைத் திருத்தம் படத்தோடு இருக்கும்.

ஆனால் எக்ஸ்எம்பி முழுப் பாதுகாப்பு அல்ல. வேர்ச்சுவல் கொப்பிகள் (ஒரே கோப்புக்குக் கட்டலொக்கில் மட்டும் வைக்கும் வேறு திருத்தப் பிரதிகள்) அதில் போகாது. கலெக்ஷன்கள் என்ற படத் தொகுப்புகள் போகாது. எந்த ஸ்லைடரை எப்போது நகர்த்தினீர்கள் என்ற வரலாறும் போகாது. ஒரே படத்தின் வண்ணப் பிரதியையும் கறுப்பு வெள்ளைப் பிரதியையும் மற்றவருக்குக் கொடுக்க வேண்டுமானால், வேர்ச்சுவல் கொப்பிக்குப் பதிலாக டெவலப் பக்கத்தில் ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்துத் திருத்த நிலையின் பதிவு) எடுத்துப் பெயரிடுங்கள். ஸ்னாப்ஷொட் எக்ஸ்எம்பியில் போகும், கமரா ரோவிலும் தெரியும்.

டார்க்டேபிள் பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டியது கோப்புப் பெயர். லைட்ரூம் எழுதும் துணைக்கோப்பில் படத்தின் பெயருக்குப் பின் நேரே எக்ஸ்எம்பி வரும். டார்க்டேபிள் படத்தின் பெயர், ரோ நீட்சி, அதன்பின் எக்ஸ்எம்பி என்று எழுதும். ஆகவே ஒரே படத்துக்கு இரண்டு எக்ஸ்எம்பி இருப்பது பிழையல்ல. "தேவையில்லாத டூப்ளிகேட்" என்று ஒன்றை அழித்தால் ஒருவரின் வேலை அதோடு போகும். லைட்ரூமின் எக்ஸ்எம்பியை டார்க்டேபிள் படத்தை முதன்முதல் உள்ளிடும்போது வாசிக்கும். பிறகு லைட்ரூமில் மாற்றியது தானாக அங்கே போய்ச் சேராது. அதனால் தெரிவும் மதிப்பீடும் முடிந்தபின்தான் கோப்புகளைக் கை மாற்ற வேண்டும்.

லைட்ரூமில் சிறுபடத்தின் மேல் மெட்டாடேட்டா முரண்பாட்டுக் குறி தோன்றினால், கட்டலொக்கில் ஒன்றும் கோப்பில் வேறொன்றும் இருக்கிறது என்று பொருள். சொடுக்கியதும் "இம்போர்ட் செட்டிங்ஸ் ஃப்ரொம் டிஸ்க்", "ஓவர்ரைட் செட்டிங்ஸ்" என்று இரண்டு வழி கேட்கும். முதலாவது வெளியில் செய்ததை ஏற்று உங்களுடையதை விடுகிறது, இரண்டாவது அதற்கு நேர்மாறு. எது புதியது என்று நிச்சயமில்லாவிட்டால் கான்சல் கொடுத்து, படத்துக்கு ஒரு வேர்ச்சுவல் கொப்பி எடுத்துவிட்டு முதலாவதைத் தெரிவுசெய்யுங்கள். கட்டலொக்கில் இருந்த திருத்தம் அந்தக் கொப்பியில் தங்கிவிடும், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அறிகுறி: வண்ண லேபிள்கள் வெள்ளையாகத் தெரிகின்றன

லேபிள் நிறமாகச் சேமிக்கப்படுவதில்லை, சொல்லாகச் சேமிக்கப்படுகிறது. லைட்ரூம் "ரெட்" என்று எழுதும் இடத்தில் பிரிட்ஜ் இயல்பாக "செலக்ட்" என்று எழுதும். தன் பட்டியலில் இல்லாத சொல்லைப் பார்த்தால் மற்றது வெள்ளை காட்டும். லைட்ரூமில் மெட்டாடேட்டா மெனுவில் "கலர் லேபிள் செட்", பிரிட்ஜில் ப்ரெஃபரன்ஸஸில் லேபிள்ஸ் பக்கம். இரண்டிலும் ஒரே சொற்களை வையுங்கள், எழுத்துக்கூட்டலும் ஒன்றாக.

அறிகுறி: போட்டோஷொப்பில் செய்து சேமித்த படம் லைட்ரூமுக்குத் திரும்பவில்லை

முதலில் கன்ட்ரோல் + எல் அழுத்தி ஃபில்டரை அணையுங்கள். நட்சத்திரமோ கோப்பு வகையோ போட்ட வடிகட்டி புதிய கோப்பை மறைத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். வரிசையையும் "கப்ச்சர் டைம்" என்று மாற்றிப் பாருங்கள். வேறு வரிசையில் இருந்தால் புதிய கோப்பு பட்டியலின் கடைசியில் போய் நின்றிருக்கும்.

அதிலும் இல்லையென்றால் போட்டோஷொப்பில் "சேவ் அஸ்" கொடுத்து டெஸ்க்டொப்பிலோ வேறு பெயரிலோ வைத்திருக்கிறார்கள். லைட்ரூமில் கன்ட்ரோல் + ஈ மூலம் திறந்த படத்தை வெறும் கன்ட்ரோல் + எஸ் அழுத்தி மூட வேண்டும். அப்போது மூலப்படத்தின் பக்கத்திலேயே "எடிட்" என்ற ஒட்டோடு டிஃப் அல்லது பிஎஸ்டி விழும், லைட்ரூமிலும் தோன்றும். வெளியே போன கோப்பை மூலப்படத்தின் ஃபோல்டருக்குள் கொண்டுவந்து, லைட்ரூமில் அந்த ஃபோல்டரை வலச்சொடுக்கி "சிங்க்ரனைஸ் ஃபோல்டர்" கொடுங்கள். அந்தப் பெட்டியில் காணாமல் போன படங்களைக் கட்டலொக்கில் இருந்து நீக்கும் தெரிவு ஒன்று இருக்கும். அதில் சரிக்குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

லேயர்கள் (படத்தின் மேல் தனித்தனி அடுக்காகச் செய்த வேலைகள்) காணாமல் போவது இதன் உடன்பிறப்பு. ஏற்கெனவே லேயர் உள்ள டிஃப்பை லைட்ரூமில் இருந்து மறுபடி திறக்கும்போது மூன்று தெரிவு வரும். "எடிட் ஒரிஜினல்" கொடுத்தால் லேயர்களோடு அதே கோப்பு திறக்கும். "எடிட் எ கொப்பி" லேயர்களோடு ஒரு நகல் எடுக்கும். "எடிட் எ கொப்பி வித் லைட்ரூம் அட்ஜஸ்ட்மென்ட்ஸ்" லைட்ரூம் திருத்தத்தைச் சேர்த்துத் தட்டையாக்கிய நகலைக் கொடுக்கும், லேயர் இராது. பழைய கோப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், பதற வேண்டாம். போய்த் திறக்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால்தான் "எடிட்", "எடிட்-2", "எடிட்-எடிட்" என்று குவிகின்றன. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "கடைசி ஃபைனல்" என்ற பெயர்கள் எந்தக் குழுவிலும் இரண்டு வாரம்கூடத் தாங்காது. மூலப்பெயரை மாற்றாமல், பின்னால் வேலையும் பதிப்பு எண்ணும் மட்டும் போடுங்கள்: 20250608_0412_ரீடச்_வி02, 20250608_0412_அல்பம்_வி01. லேயர் உள்ள முதன்மைக் கோப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகும் ஜேபெக்குகள் "வெளியீடு" என்ற தனி உள்ஃபோல்டருக்குப் போகட்டும். அவற்றை யாரும் திறந்து மறுபடி சேமிக்கக் கூடாது. ஒவ்வொரு சேமிப்பிலும் ஜேபெக் தரம் இழக்கும்.

போட்டோஷொப் திறக்கும்போது கமரா ரோ பதிப்பு பொருந்தவில்லை என்று சொன்னால் "ரெண்டர் யூசிங் லைட்ரூம்" தெரிவுசெய்யுங்கள். "ஓப்பன் எனிவே" கொடுத்தால், பழைய கமரா ரோவுக்குத் தெரியாத புதிய திருத்தங்கள் விடுபட்டுத் திறக்கலாம்.

அறிகுறி: கூறைச் சேலையின் சிவப்பு, பிரிண்டில் மங்கிய செங்கல் நிறமாக வருகிறது

லைட்ரூமில் நன்றாக இருந்து, பிரிண்டிலோ போனிலோ சேலை செத்து, தோல் சாம்பல் பூத்தாற்போல் வந்தால் நிறவெளிதான் (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் அளவுகோல்) காரணம். லைட்ரூம் போட்டோஷொப்புக்கு இயல்பாக ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபியில், 16 பிட்டில் அனுப்புகிறது. அந்தப் பரந்த நிறவெளியின் எண்களை, ப்ரொஃபைலை (கோப்பில் உள்ள நிறவெளிக் குறிப்பை) கவனிக்காத மென்பொருளோ பிரிண்ட் இயந்திரமோ எஸ்ஆர்ஜிபி என்ற சிறிய, பொதுவான நிறவெளி என்று எடுத்துக்கொண்டால் நிறம் வெளிறும். கோப்பு கெடவில்லை, வாசிப்புத்தான் பிழை.

சோதிக்க, போட்டோஷொப்பில் படத்தின் அடிப்பட்டையில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்கி "டொகியுமென்ட் ப்ரொஃபைல்" தெரிவுசெய்யுங்கள். ப்ரோஃபோட்டோ அல்லது அடோபி ஆர்ஜிபி என்று இருந்தால், கோப்பின் நகல் ஒன்றில் எடிட் மெனுவின் "கன்வேர்ட் டு ப்ரொஃபைல்" மூலம் எஸ்ஆர்ஜிபி ஆக்கி, 8 பிட்டுக்கு மாற்றி, ப்ரொஃபைல் உட்பொதித்து ஜேபெக்காகச் சேமியுங்கள். பக்கத்திலேயே இருக்கும் "அசைன் ப்ரொஃபைல்" வேண்டாம். அது எண்களை அப்படியே விட்டு லேபிளை மட்டும் மாற்றும், திரையிலேயே நிறம் குலைவதைப் பார்ப்பீர்கள். லைட்ரூமில் இருந்து நேரே ஏற்றுமதி செய்பவர்கள் எக்ஸ்போர்ட் பெட்டியில் "கலர் ஸ்பேஸ்" எஸ்ஆர்ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அல்பம் அச்சிடும் இடம் வேறு ப்ரொஃபைல் கேட்டால் அவர்கள் சொல்வதே சரி.

மாற்றியபின் நிறம் சரியாக வந்து, சேலையின் மடிப்புகளும் சரிகை வேலையும் மட்டும் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிந்தால் அது வேறு சிக்கல். அவ்வளவு ஆழமான சிவப்பு எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கவில்லை. லைட்ரூமின் டெவலப்பில் எஸ் விசையை அழுத்தினால், வெளியீட்டில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சொஃப்ட் ப்ரூஃபிங் வரும். எஸ்ஆர்ஜிபியைத் தெரிவுசெய்து, சிவப்பின் செறிவை மட்டும் மெல்லக் குறைத்து வாருங்கள். மடிப்புகள் திரும்பத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரு சின்னத் தடயம்: கமராவில் அடோபி ஆர்ஜிபி போட்டு எடுத்த கோப்புகளின் பெயர் கீழ்க்கோட்டில் தொடங்கும். இரண்டு கமராப் படங்களில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால், அந்தக் கமராவின் ஜேபெக்குகளுக்கு மட்டும் நிறம் வேறுபடுவதன் காரணம் அதுதான்.

அறிகுறி: அல்பப் பக்கத்தில் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிட்டது

இங்கே அல்பம் வடிவமைப்பவர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது தமிழ் அல்ல, ஆங்கில விசைகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பிஎஸ்டியைத் திறந்து எழுத்தைத் தொட்டால் உண்மை உருவம் வெளியே வரும். எழுத்துரு இல்லை என்ற எச்சரிக்கை வந்ததும் மாற்று எழுத்துருவை ஏற்காமல் மூடிவிடுங்கள். அதே பாமினி எழுத்துருவை நிறுவியபின் திறந்தால் எல்லாம் இருந்தபடி இருக்கும். அச்சுக்குப் போகும் பிரதியில் எழுத்து லேயரை ராஸ்டரைஸ் செய்யுங்கள், அதாவது எழுத்தைப் படமாக்குங்கள். முதன்மைக் கோப்பில் எழுத்தாகவே வைத்திருங்கள்.

யூனிகோடில் தட்டுபவர்களுக்குக் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும் தொல்லை வரும். ப்ரெஃபரன்ஸஸில் டைப் பக்கம் போய் "வேர்ல்ட் ரெடி லேஅவுட்" தெரிவுசெய்து போட்டோஷொப்பை மூடித் திறவுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் "மிடில் ஈஸ்டேர்ன் அன்ட் சவுத் ஏசியன்". ஏற்கெனவே தட்டிய எழுத்து மாறாவிட்டால் புதிய கோப்பில் தட்டிப் பாருங்கள்.

குறிச்சொல், தலைப்புப் பெட்டிகளில் பாமினி ஒருபோதும் வேண்டாம். அந்தப் பெட்டிகள் எழுத்துருவைச் சேமிப்பதில்லை. "கோணேசர் நகர்வலம்" என்று தேடினால் எதுவும் அகப்படாது. யூனிகோடில் தட்டியிருந்தால் எல்லா மென்பொருளிலும் அகப்படும்.

அறிகுறி: ஒரே பெயரில் இரண்டு படம், அல்லது ஒன்றின் மேல் மற்றது எழுதப்பட்டுவிட்டது

கமரா 9999க்குப் பின் மறுபடி 0001இல் இருந்து எண்ணத் தொடங்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கமராக்கள் ஒரே பெயரைத் தரும். இரண்டு மெமரி கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது விண்டோஸ் கேட்கும் "ரீப்ளேஸ்" கேள்விக்கு அவசரத்தில் ஆம் சொன்னால் ஒன்று போய்விடும். கார்டை ஃபோர்மட் செய்யவில்லை என்றால் அங்கிருந்து திரும்ப எடுக்கலாம். செய்திருந்தாலும் அதில் புதிதாக எதுவும் எடுக்காமல் நிறுத்தி, ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவியைக் கார்டில் ஓட்டுங்கள். மீட்டதை வேறு டிஸ்க்கில் எழுதுங்கள்.

இனி வராமலிருக்க, கார்டுக்கு ஓர் உள்ஃபோல்டர் வையுங்கள்: கமரா1, கமரா2. இம்போர்ட் செய்யும்போதே எடுத்த திகதி, கமரா எழுத்து, வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயர் மாறும்படி ஒரு டெம்ப்ளேட் போட்டுவிடுங்கள். திருத்தம் தொடங்குவதற்கு முன் பெயர் முடிவாகிவிட வேண்டும்.

லைட்ரூமின் "டோன்ட் இம்போர்ட் சஸ்பெக்டட் டூப்ளிகேட்ஸ்" தெரிவு, மூலப்பெயர், எடுத்த நேரம், கோப்பின் அளவு ஆகியவற்றை ஒப்பிடுகிறது. வெளியில் பெயர் மாற்றிய கோப்பைப் புதிது என்றே எண்ணி மறுபடி ஏற்றும். டூப்ளிகேட் பெருகும் வீடுகளில் பெரும்பாலும் எக்ஸ்புளோரரில் பெயர் மாற்றும் பழக்கம் இருக்கும்.

அறிகுறி: தாலி கட்டுவதற்கு முன்பே ஆரத்தி வருகிறது

இரண்டு கமராக்களின் கடிகாரம் பொருந்தவில்லை. சில நிமிட வித்தியாசம் என்றால் கையால் வைத்ததன் பிழை. சரியாக ஐந்தரை மணி என்றால் கமராவின் நேரவலயம் இலங்கைக்கு மாற்றப்படவில்லை.

இரண்டு கமராவிலும் விழுந்த ஒரே கணத்தைத் தேடுங்கள். முடிச்சு விழும் கணம் நல்லது, இருவரும் தவறவிட்டிருக்க மாட்டார்கள். லைப்ரரியின் மெட்டாடேட்டா ஃபில்டரில் பிழையான நேரம் கொண்ட கமராவை மட்டும் தெரிவுசெய்து, எல்லாப் படங்களையும் தெரிவுசெய்து, அந்தக் கணத்தின் படத்தைச் சொடுக்கி முதன்மையாக்குங்கள். மெட்டாடேட்டா மெனுவில் "எடிட் கப்ச்சர் டைம்" திறந்து, மற்றக் கமராவில் உள்ள நேரத்தைக் கொடுங்கள். முதன்மைப் படம் எவ்வளவு நகர்கிறதோ அதே அளவு மற்றவையும் நகரும்.

ரோ கோப்புகளில் இந்த மாற்றம் இயல்பாகக் கட்டலொக்கிலும் எக்ஸ்எம்பியிலும்தான் பதியும், ரோவுக்குள் பதியாது. ஆகவே கன்ட்ரோல் + எஸ் அழுத்தாமல் கோப்புகளைக் கொடுத்தால் அடுத்தவருக்குப் பழைய குழப்பமே போகும். வட்ஸ்அப்பில் உறவினர் அனுப்பிய படங்களில் எடுத்த நேரமே இராது. அவற்றை டொகியுமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள், அளவும் குறையாது.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் கட்டலொக் திறக்க மறுக்கிறது

"வேறொரு மென்பொருள் இதைத் திறந்து வைத்திருக்கிறது" என்று சொன்னால், டாஸ்க் மேனேஜரில் லைட்ரூம் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கட்டலொக்கின் பக்கத்தில் "லொக்" என்று முடியும் சிறு கோப்பை மட்டும் அழியுங்கள். அங்கேயே "டபிள்யூஏஎல்" என்று முடியும் கோப்பு இருந்தால் தொடாதீர்கள். கடைசியாகச் செய்த வேலை அதற்குள் இருக்கலாம். எதைச் செய்வதற்கும் முன் அந்த ஃபோல்டரை முழுதாக இன்னோர் இடத்தில் கொப்பி எடுங்கள்.

கட்டலொக் கெட்டுவிட்டது என்று சொன்னால் லைட்ரூமே பழுதுபார்க்கக் கேட்கும், அனுமதியுங்கள். சரிவராவிட்டால் பேக்அப் ஃபோல்டரில் உள்ள கடைசி ஸிப்பை விரித்து அதைத் திறவுங்கள். அதன்பின் செய்த திருத்தங்கள் எக்ஸ்எம்பியில் இருந்தால், படங்களைத் தெரிவுசெய்து மெட்டாடேட்டா மெனுவில் "ரீட் மெட்டாடேட்டா ஃப்ரொம் ஃபைல்" கொடுத்து மீட்கலாம்.

மின்சாரம் போகாமலே இது திரும்பத் திரும்ப நடந்தால் கட்டலொக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இயல்பாக அது விண்டோஸின் பிக்சர்ஸ் ஃபோல்டரில் உருவாகும், பல கணினிகளில் அந்த ஃபோல்டர் மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பான வன்ட்ரைவோடு (OneDrive) ஒத்திசைகிறது. வேலை நடக்கும்போதே ஒத்திசைவு கட்டலொக்கைத் தொடுவது ஆபத்து. ஒத்திசைவு இல்லாத உள்ட்ரைவுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் அல்லது ஊதா

லைட்ரூமில் முதலில் நன்றாகத் தோன்றி ஒரு நொடியில் குலைந்தால், முதலில் பார்த்தது ரோ கோப்புக்குள் கமரா வைத்த சின்ன ஜேபெக், பிறகு வந்தது உண்மைக் கோப்பு. கோப்புக் கெட்டிருக்கிறது. கார்டில் இருந்து மறுபடி, வேறு ரீடரில், ஹப் இல்லாமல் நேரே கணினியில் செருகிக் கொப்பி எடுங்கள். ஒவ்வொரு கொப்பியிலும் வேறு வேறு படம் கெட்டால் ரீடர், கேபிள் அல்லது கணினியின் ராம். எப்போதும் அதே படம், அதே இடத்தில் என்றால் கார்டு.

நிலாவெளியிலும் புறாமலைப் படகிலும் எடுத்துவிட்டு வரும் கார்டுகளின் பொன்னிறத் தொடுமுனைகளில் உப்பு படியும். ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து நன்றாக உலரவிட்ட பிறகே ரீடரில் செருகுங்கள்.

அறிகுறி: டிஸ்க் நிறைந்துவிட்டது

24 மெகாபிக்சல் படம் ஒன்று 16 பிட் டிஃப்பாக, லேயர் இல்லாமல், சுருக்காமல் ஏறத்தாழ 144 மெகாபைட். 400 படம் அப்படி வைத்தால் 57 கிகாபைட்டைத் தாண்டும். ரீடச் தேவைப்படும் படங்களை மட்டும் போட்டோஷொப்புக்கு அனுப்புங்கள், மற்றவை ரோவாகவே இருக்கட்டும். அழிக்கக்கூடியது "ப்ரிவ்யூஸ்" என்று பெயருள்ள தொகுதி, லைட்ரூம் அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அதன் பக்கத்தில் உள்ள கட்டலொக்கையும் எக்ஸ்எம்பிகளையும் தொடக்கூடாது.

அறிகுறி: பேக்அப் எடுத்திருந்தும் படங்கள் இல்லை

லைட்ரூம் மூடும்போது கேட்கும் பேக்அப் கட்டலொக்கை மட்டுமே எடுக்கிறது. படங்கள் அதில் ஒன்றுகூட இல்லை. ரோ, எக்ஸ்எம்பி, டிஃப், பிஎஸ்டி எல்லாம் உள்ள முழு ஃபோல்டர் இரண்டாவது டிஸ்க்கிலும், மூன்றாவது பிரதி வேறு கட்டடத்திலும் இருக்க வேண்டும். கட்டலொக் பேக்அப்பையும் அந்த டிஸ்க்குகளில் வையுங்கள். இயல்பாக அது மூலக் கட்டலொக்கின் பக்கத்திலேயே விழுவதால், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பேக்அப் வேலை செய்கிறதா என்று சோதிக்க, மூல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டாவது டிஸ்க்கில் உள்ள கட்டலொக்கை இன்னொரு கணினியில் திறந்து, ஒரு படத்தை லொக்கேட் செய்து, அதை முழு அளவில் ஏற்றுமதி செய்து பாருங்கள். ஏற்றுமதி முடிந்து, படமும் திருத்தமும் சரியாக வந்தபின் கமராக் கார்டுகளை ஃபோர்மட் செய்யலாம்.